பூனையின் வயிறு மாறித் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

வளர்க்கும் பூனையின் வயிறு தொங்குகிறது, உருண்டு திரண்டிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறது, தொட்டால் விறைப்பாக இருக்கிறது என்று தோன்றும்போது, அதற்குப் பின்னால் ஒரு நோயும் இல்லாமல் இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய நோயும் இருக்கலாம். வயிற்றின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. வயிறு பெருத்த பூனையின் முதுகும் தொடையும் நல்ல சதைப்பற்றோடு இருந்தால் பெரும்பாலும் நிதானமாக யோசிக்க நேரம் உண்டு. வயிறு பெருத்துக்கொண்டே போக, முதுகெலும்பு மட்டும் நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தால் நேரம் இல்லை என்று பொருள். ஆகவே வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் முதுகையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனை நாளில் இந்த மாற்றம் வந்தது, சாப்பாடும் சிறுநீரும் மலமும் எப்படி இருக்கின்றன என்பவற்றையும் கவனித்தால், இன்றே மருத்துவரிடம் போக வேண்டுமா, இந்த வாரத்துக்குள் போனால் போதுமா என்பதை வீட்டிலேயே பெருமளவு தீர்மானித்துவிடலாம். என்ன நோய் என்பதை மட்டும் வீட்டில் தீர்மானிக்க முயல வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கடுவன் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக மட்டும் வருகிறது என்றால், இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கடுவன் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகவும் குறுகலானது. படிகத் துகள்களோ சளி போன்ற அடைப்போ அதில் சிக்கிக்கொண்டால் சிறுநீர்ப்பை நிரம்பி அடிவயிற்றில் கெட்டியான உருண்டையாகிவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். ஓரிரு நாளில் பூனை இறந்துவிடலாம். இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்பதால் போகிற உயிர்கள்தான் மிகவும் வருந்தத்தக்கவை, ஏனெனில் உரிய நேரத்தில் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்ளும். உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறதே என்று வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை உள்ளேயே வெடித்துவிடக்கூடும்.

மூச்சுத் திணறலும் இதே அளவு அவசரமானது. தூங்கும் பூனையின் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணுங்கள். 30-க்குள் இருப்பது இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து போனாலோ, வயிறு உள்வாங்கி உள்வாங்கி மூச்சு விட்டாலோ, வாயைத் திறந்து இரைத்தாலோ அன்றே காட்ட வேண்டும். மேல்தளத்திலிருந்து விழுந்த அல்லது வண்டியில் அடிபட்ட பூனைக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாதிருந்தாலும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறியிருக்கலாம். அப்போது வயிறு பெருப்பதற்குப் பதிலாக ஒட்டிப்போய்த் தெரியும், மூச்சு மட்டும் சிரமப்படும்.

சில மணி நேரத்தில் திடீரென வீங்கிய வயிறு, தொட்டதும் வலியால் சீறுதல், அடுத்தடுத்து வாந்தி, எழுந்து நிற்க முடியாத சோர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் ஈறைப் பாருங்கள். உதட்டை மெல்லத் தூக்கி, ஈறை விரலால் ஒரு கணம் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் இரவு என்றும் விடுமுறை என்றும் பார்க்க வேண்டாம். வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடாமல் இருப்பதும், குட்டி அரை நாள் சாப்பிடாமல் இருப்பதும் தனியாகவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணங்கள்.

தொங்கும் தோல் நோயல்ல

கவலையோடு கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பங்கு, நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடுகிற அடிவயிற்றுத் தோலைப் பற்றியது. பின்னங்கால்களுக்கு முன்னால் தொங்கும் இந்த மடிப்பு பூனைகளின் உடலமைப்பிலேயே உள்ளது. கடுவன், பெட்டை இரண்டுக்கும் உண்டு. ஒல்லியான பூனைக்கும் உண்டு. பூனை தாவும்போதும் பின்னங்கால்களை நீட்டி ஓடும்போதும் தோல் இழுபடாமல் இருக்க இது உதவுகிறது என்றும், சண்டையில் எதிராளியின் பின்னங்கால் நகங்கள் உள்ளுறுப்புகளை எட்டாமல் காக்கிறது என்றும் விளக்கம் சொல்கிறார்கள். எகிப்திய மாவ், பெங்கால் போன்ற இனங்களில் இது எடுப்பாகவே தெரியும். கருத்தடை செய்ததால்தான் வயிறு தொங்கிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். குட்டி வளர்ந்து மடிப்பு வெளியே தெரியத் தொடங்கும் மாதங்களிலேயே கருத்தடையும் நடப்பதால் அப்படித் தோன்றுகிறது. கருத்தடைக்குப் பின் எடை கூடினால் மடிப்புக்குள் கொழுப்பு சேர்ந்து பெரிதாவது உண்மைதான். அது சாப்பாட்டின் அளவால் வருவது.

இந்த மடிப்பை அடையாளம் காண்பது எளிது. விரல்களுக்கு இடையில் எடுத்தால் வெறும் தோலாக, அல்லது தோலும் கொஞ்சம் கொழுப்புமாக மென்மையாக இருக்கும். வலிக்காது. சூடாக இருக்காது. உள்ளே கட்டி எதுவும் தட்டுப்படாது. மிக முக்கியமாக, அது கீழே தொங்குமே தவிர விலாவுக்குப் பின்னால் இரு பக்கமும் உப்பியிருக்காது. பக்கங்கள் உப்பியிருந்தால் காரணம் தோல் அல்ல. வயிற்றின் உள்ளே ஏதோ கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாலும் கையாலும் பரிசோதிக்கும் முறை

பூனை பசியோடு நிற்கும் நேரத்தில், அதாவது காலை உணவுக்கு முன், பரிசோதிப்பது நல்லது. சாப்பிட்டு முடித்த பூனையின், அதுவும் சிறு குட்டியின், வயிறு இயல்பாகவே உருண்டிருக்கும். முதலில் பூனை நான்கு காலில் நிற்கும்போது நேர் மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்வாங்கித் தெரிய வேண்டும். பிறகு தரையோடு குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். அதன் பின் இரு கைகளையும் விலாவின் மேல் வைத்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள். உங்கள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, புறங்கையின் விரல் எலும்புகளை மறு கையால் தடவிப் பார்த்தால் எப்படி மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படுகிறதோ, அந்த அளவில் விலா எலும்புகள் தட்டுப்படுவது சரியான உடல்நிலை. கைவிரல்களை மடக்கும்போது எழும் கணுக்களின் மேடுபோல் துருத்தினால் பூனை மெலிந்திருக்கிறது. உள்ளங்கைப் பக்கம்போல் எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்றிருந்தால் கொழுத்திருக்கிறது.

இப்போது முதுகெலும்பின் மேல் விரலை வைத்துத் தோள்பட்டையிலிருந்து வால் வரை ஓட்டுங்கள். நீண்ட முடியுள்ள பாரசீகப் பூனைகளில் இந்தப் படி மிகவும் அவசியம். அடர்ந்த முடி எத்தனை மெலிவையும் மறைத்துவிடும். எலும்பின் இருபுறமும் சதை நிறைந்திருக்க வேண்டும். சதை வற்றி, எலும்பு வரிசையாக எண்ணக்கூடியதாக இருந்து, கீழே வயிறு மட்டும் பெருத்திருந்தால், பூனை சாப்பிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாகவே இருந்தாலும் அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதான பூனைகளில் தசை குறைந்து வயிறு தளர்வது உண்டு என்றாலும், ‘வயசாகிவிட்டது’ என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது. பத்து வயதைத் தாண்டிய பூனை நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால் தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய், குடல் நோய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவற்றில் பல மருந்தால் கட்டுப்படக்கூடியவை.

எடையைக் குறித்துவைப்பது எல்லாவற்றையும்விடப் பயனுள்ள பழக்கம். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். சிறு குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு பாத்திரத்தோடு வைக்கலாம். வயிறு பெரிதாகிறதா என்ற ஐயம் இருந்தால் தையல் டேப்பைக் கடைசி விலாவுக்குச் சற்றுப் பின்னால், இறுக்காமல் சுற்றி, தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே இடத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து வைத்தால், தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தப்பிவிடும் மாற்றம் படத்தில் தெரியும்.

கொழுப்பால் பெருத்த வயிறு

முதுகும் கழுத்தும் தொடையும் சேர்ந்து பெருத்து, இடுப்பு மறைந்து, மாதக்கணக்கில் மெதுவாக வந்த வயிறு பெரும்பாலும் கொழுப்புதான். 4 கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கிற, கருத்தடை செய்த பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். உலர் உணவில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி வரை இருப்பதால், ஒரு நாளைய அளவு 50 முதல் 60 கிராமுக்குள் முடிந்துவிடுகிறது. கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு அது காலியாகும்போதெல்லாம் மீண்டும் கொட்டுகிற வீட்டில் இதைப் போல இரு மடங்கு போவது சாதாரணம். அதனால் டம்ளரால் அளக்காமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள். பால், பிஸ்கட், மீன் வறுவல் துண்டு என்று வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே கொடுப்பதையும் கணக்கில் சேருங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது; அதனாலேயே வயிறு உப்பி இளகிய மலம் போகும். பால்சோறும் தயிர்சோறும் வயிற்றை நிரப்புமே தவிர, இறைச்சியை நம்பி வாழும் இந்த உயிருக்கு வேண்டிய புரதத்தையும் டாரின் என்ற அமினோ அமிலத்தையும் தருவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் தேவை. கொழுத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்கவைக்க ஒருபோதும் முயலக் கூடாது. பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடலின் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து, ஈறும் காது மடலும் மஞ்சளாகி, உயிருக்கு ஆபத்தான கல்லீரல் செயலிழப்பில் முடியும். கொழுத்த பூனைகளுக்கே இந்த ஆபத்து அதிகம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு குறைந்தால் போதும். 6 கிலோ பூனை வாரத்துக்கு 60 கிராம் குறைவது மெதுவாகத் தோன்றும், ஆனால் அதுதான் பாதுகாப்பான வேகம்.

குட்டிகளின் பானை வயிறு

இரண்டு, மூன்று மாதக் குட்டி, வயிறு மட்டும் பானையாக, கைகால்கள் குச்சியாக, முடி பொலிவில்லாமல் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது குடற்புழு. உருளைப்புழுக்கள் தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்குள் போய்விடுவதால், வீட்டை விட்டு வெளியே போகாத குட்டி என்பதால் புழு இருக்காது என்று சொல்ல முடியாது. வாந்தியிலோ மலத்திலோ வெண்மையான, நீளமான, சுருண்டுகொள்ளும் புழுக்கள் தெரியலாம். எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். நாடாப்புழு வேறு வகை. அது தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருகிறது. ஆசனவாயைச் சுற்றியும் படுக்கையிலும் அரிசி அளவுத் துணுக்குகளாக உதிரும். அதற்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் தெள்ளுப்பூச்சியை விட்டுவைத்தால் சில வாரங்களில் மறுபடி வந்துவிடும்.

குட்டிக்கு மூன்று வாரமானதிலிருந்து, தாய்ப்பாலை மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. தாய்ப்பூனைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. அதனால் எடை பார்க்காமல் ‘அரை மாத்திரை’ என்று கொடுப்பது தவறு. மிகவும் மெலிந்து வயிறு பெருத்த குட்டிக்கு நீங்களாகவே மருந்து கொடுக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஏராளமான புழுக்கள் ஒரே நேரத்தில் செத்துக் குடலை அடைத்துவிடலாம் என்பதோடு, அத்தகைய குட்டிக்கு நீரிழப்பும் இரத்தசோகையும் இருந்தால் அவற்றையும் பார்க்க வேண்டும். பூண்டு புழுவைக் கொல்லும் என்று அரைத்துக் கொடுப்பது இங்கே அறவே கூடாத ஒன்று. பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உருளைப்புழு முட்டைகள் மண்ணில் கிடந்து முதிர்ந்த பிறகு மனிதர்களுக்கும், சிறப்பாக மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும், தொற்றக்கூடியவை.

குட்டியின் தொப்புளில் மென்மையான சிறு புடைப்பு இருந்து, மெல்லத் தொட்டால் உள்ளே போய்விடுகிறது என்றால் அது தொப்புள் குடலிறக்கமாக இருக்கலாம். சிறியவை பல, கருத்தடையின்போதே தைத்துச் சரிசெய்யப்படுகின்றன. புடைப்பு கெட்டியாகி, உள்ளே போகாமல், சூடாக இருந்தால் மட்டும் அவசரம்.

பெட்டைப் பூனைக்குச் சினையா, சீழா?

கருத்தடை செய்யாத பெட்டைப் பூனை நான்கு மாத வயதிலேயே சினையாகிவிடக்கூடும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சினைக்காலம் 63 முதல் 65 நாள். மூன்றாம் வாரத்தில் முலைக்காம்புகள் பருத்து இளஞ்சிவப்பாகும். ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு வயிறு இரு பக்கமும் சீராகப் பெருக்கும். பூனை நன்றாகச் சாப்பிடும், எடை கூடும், முதுகில் சதை குறையாது. உறுதிப்படுத்த ஸ்கேன் செய்யலாம். கருவைத் தடவிப் பார்க்கிறேன் என்று வயிற்றை அழுத்த வேண்டாம்.

இதே பருவத்துப் பூனையின் கருப்பையில் சீழ் கட்டினாலும் வயிறு பெருக்கும். பருவத்துக்கு வந்து கத்தி அடங்கிய சில வாரங்களில் இது வருகிறது. கருத்தடை ஊசி போட்ட பூனைகளுக்கு ஆபத்து கூடுதல். நிறையத் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், ஒடுங்கிப் படுத்திருக்கும். கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வடியும். பூனை உடனுக்குடன் நக்கிவிடுவதால் அது நம் கண்ணில் படாமலே போகலாம். வாய் மூடியிருந்தால் ஒரு துளியும் வெளியே வராது, உள்ளே நஞ்சு ஏறிக்கொண்டே இருக்கும். இது அன்றே பார்க்க வேண்டிய நோய். கருப்பையை அறுவை சிகிச்சையில் அகற்றுவதே நம்பகமான தீர்வு. கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இந்த ஒரு நோயே போதுமான காரணம். சிறு வயதிலேயே கருத்தடை செய்தால் முலைப் புற்றுநோயின் ஆபத்தும் வெகுவாகக் குறையும். பூனைக்கு முலையில் வரும் கட்டிகளில் பெரும்பான்மை புற்றுநோயாகவே இருப்பதால், வயிற்றுத் தோலுக்கு அடியில் கடலைப்பருப்பு அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டாலும் வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் காட்டிவிடுங்கள்.

நீர் கோத்த வயிறு

வயிறு உருண்டு, பக்கங்களில் உப்பி, தொட்டால் வலியில்லாமல் தளும்புகிறது, முதுகெலும்போ துருத்துகிறது, பூனைக்கு இரண்டு வயதுக்குள்தான் இருக்கும், காய்ச்சல் வந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. இந்த வரிசையைக் கேட்டதும் மருத்துவர்கள் முதலில் ஐயப்படுவது எஃப்ஐபி எனப்படும் தொற்று வயிற்றுறை அழற்சியை. பூனைகளிடையே பரவும் ஒரு கொரோனா வைரஸே இதற்கு மூலம். மனிதர்களுக்கு வந்த கோவிட் வைரஸ் அல்ல இது. பெரும்பாலான பூனைகளில் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடுகிற இந்த வைரஸ், சில பூனைகளின் உடலுக்குள் மாற்றமடைந்து வெள்ளணுக்களில் குடியேறி, இரத்தக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கி, வயிற்றிலோ மார்பிலோ மஞ்சளான, பிசுபிசுப்பான நீரைச் சேர்க்கிறது. பல பூனைகள் நெருக்கமாக வாழும் காப்பகங்களிலும் இனவிருத்திக் கூடங்களிலும் இருந்து வந்த குட்டிகளிடம் இது அதிகம்.

ஊசியால் சிறிது நீரை எடுத்ததும், எளிய சோதனை ஒன்றைச் சில மருத்துவர்கள் மேசையிலேயே செய்வார்கள். சோதனைக் குழாயில் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, ஒரு துளி அசெட்டிக் அமிலம் கலந்து, அதன் மேல் வயிற்று நீரை ஒரு துளி விடுவார்கள். அந்தத் துளி கரைந்து மறைந்துவிட்டால் எஃப்ஐபி இருக்க வாய்ப்பு குறைவு. கரையாமல் உருவத்தோடு மிதந்தாலோ மெல்ல இறங்கினாலோ ஐயம் வலுப்படும். அது மட்டுமே உறுதியாகிவிடாது, ஏனெனில் பாக்டீரியாத் தொற்றாலும் சில புற்றுநோய்களாலும்கூடத் துளி அப்படியே நிற்கலாம். இரத்தப் பரிசோதனையும் நீரில் வைரஸைத் தேடும் பிசிஆர் சோதனையும் சேர்ந்துதான் முடிவைத் தரும்.

இந்த நோயின் பெயரைக் கேட்டதும் நம்பிக்கையிழக்க வேண்டாம். முன்பு எஃப்ஐபி என்றால் ஏறக்குறைய மரணம் என்றே பொருள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் தலைமையிலான குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கையாக நோய் வந்த 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்து கொடுக்கப்பட்டது. 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன, அவற்றில் பெரும்பாலானவை பிழைத்து வாழ்ந்தன. அதன் பிறகு பல நாடுகளில் இந்தச் சிகிச்சை நடைமுறைக்கு வந்துவிட்டது. மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில், எடைக்கேற்ற அளவில், நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். பூனை தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். ஆகவே பழைய இணையக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கருணைக்கொலைதான் ஒரே வழி என்று முடிவெடுக்காமல், இந்த மருந்தைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள்.

நீர் கோப்பதெல்லாம் எஃப்ஐபி அல்ல. கல்லீரல் நோய், இரத்தத்தில் புரதக் குறைவு, இதய நோய், வயிற்றுக்குள் புற்றுநோய், அடிபட்டு உடைந்த சிறுநீர்ப்பை ஆகியவற்றாலும் வயிற்றில் நீர் சேரும். வயதான பூனைகளில் இவற்றையே முதலில் நினைக்க வேண்டும்.

நூல், மலச்சிக்கல், சிறுநீரகம்

பூக்கட்டும் நூல் நம் வீடுகளில் சாதாரணமாகத் தரையில் கிடக்கிற பொருள். பூனைக்கு அது மிகவும் ஆபத்தானது. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், விளையாட்டாக வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலோ சிக்கிக்கொண்டால், குடல் அந்த நூலின் மேல் சுருங்கி மடிந்து, நூல் குடல் சுவரை அறுத்துவிடும். வாந்தி, சாப்பிட மறுப்பு, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்தல், வயிற்றைத் தொட்டால் வலி ஆகியவை அறிகுறிகள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். வெட்டவும் வேண்டாம். அப்படியே கொண்டுபோங்கள்.

இரண்டு, மூன்று நாளாக மலம் போகாத பூனையின் வயிறும் கெட்டியாகத் தட்டுப்படும். வெறும் உலர் உணவு, தண்ணீர்க் குறைவு, இடுப்பெலும்பு முறிந்து ஆறிய பழைய காயம் என்று காரணங்கள் பல. மனிதர்களுக்கான எனிமாவைப் பூனைக்குச் செலுத்தக் கூடாது. அதிலுள்ள பாஸ்பேட் உயிரைக் கொல்லும். வாயில் எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுப்பது மிகக் கொடிய தவறு. ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஓமத் தண்ணீரும் கிரைப் வாட்டரும் வயிற்றுக்கு நல்லது என்று கொடுப்பவர்கள் உண்டு. எந்த நோயையும் அவை தீர்ப்பதில்லை, நேரத்தைத்தான் கடத்துகின்றன.

தமிழ்நாட்டு நகரங்களில் பாரசீகப் பூனைகள் பெருகிவிட்டதால் ஒரு பரம்பரை நோயைத் தனியே சொல்ல வேண்டும். பிறக்கும்போதே சிறுநீரகங்களில் நுண்ணிய நீர்க்கட்டிகள் இருந்து, வயதோடு வளர்ந்து, நடுத்தர வயதில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நோய் அது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்புண்டு. பூனை மெலிந்து, நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிற்றின் மேற்பகுதியில் இரு பக்கமும் மேடு தட்டுப்பட்டால் இதை ஐயப்படலாம். பத்து மாத வயதுக்குப் பிறகு செய்யும் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மரபணுச் சோதனையும் உண்டு. பாரசீகக் குட்டி வாங்குகிறவர்கள் முகம் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று கேட்பதற்கு முன், தாய் தந்தைக்கு இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வயிறு பெருக்காமல் முடி மட்டும் உதிர்ந்து வழுக்கையாகியிருந்தால், பூனை அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையே முதல் ஐயம். சிறுநீர்ப்பை வலியாலும் அடிவயிற்றை நக்கும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்களுக்கான சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள்; அதிலிருக்கக்கூடிய பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு நஞ்சு.

மருத்துவரிடம் போகும்போது

மூடியுள்ள கூடையில், பூனை வழக்கமாகப் படுக்கும் துணியைப் போட்டுக் கொண்டுபோங்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் நாய்களைப் பார்த்து மிரளாது. மூச்சுத் திணறும் பூனையை மார்போடு இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வயது, கருத்தடை ஆனதா, கடைசியாகக் குடற்புழு நீக்கம் செய்த நாள், தடுப்பூசி விவரம், வெளியே போகிற பூனையா, வயிற்று மாற்றத்தை முதலில் கவனித்த நாள், கடைசியாகச் சிறுநீரும் மலமும் போன நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அன்றைய மலத்தைச் சிறு டப்பாவில் கொண்டுபோனால் புழு முட்டைகளை அங்கேயே பார்த்துவிடலாம். ஏற்கெனவே ஏதாவது மருந்து கொடுத்திருந்தால், அது பாராசிட்டமாலாகவே இருந்தாலும், மறைக்காமல் சொல்லுங்கள்; மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினால் சிகிச்சையே தவறிப்போகும்.

சென்னையில் வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் தனியார் மருத்துவமனைக்குச் செலவிட முடியாதவர்கள் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய இடங்கள். எங்கே போனாலும், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் செய்ய முடியாதபோது, பெருத்த வயிற்றுக்குப் பெரும்பாலும் முதலில் பயன்தருவது வயிற்று ஸ்கேன். உள்ளே இருப்பது நீரா, குட்டியா, சீழா, கட்டியா, நிரம்பிய சிறுநீர்ப்பையா என்பதை அது சில நிமிடங்களில் காட்டிவிடும். இரத்தப் பரிசோதனையில் எதைத் தேட வேண்டும் என்பதும் அதற்குப் பிறகு தெளிவாகும். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லாமல் நீங்களாகப் பூனையைப் பட்டினி போட வேண்டாம்.